நாலாவது புளியங்கொட்டை

தாயி,

ஐப்பசி கடைசியில் செல்லாத நோட்டை மாற்ற ஊரே பேங்க் வாசலில் கால் கடுக்க நின்றது. கார்த்திகையில் முதலமைச்சர் இறந்து கடைகள் அடைத்தார்கள். மழை அந்த வருஷம் ஏமாற்றிவிட்டது, சாணார்பட்டிப் பக்கம் தென்னையெல்லாம் மட்டை தொங்கி நின்றது. அதற்கு அடுத்த தை மாதம், பொங்கல் கரும்புச் சக்கை தெருவில் காய்ந்து கிடக்கும்போதே, சல்லிக்கட்டு வேண்டும் என்று பையன்கள் திண்டுக்கல் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நீ ப்ளஸ் டூ. மூன்று நாளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கோஷம் போடப் போகிறேன் என்று அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாய். வருஷத்தை எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரியும். நம்பர் என் மனசில் ஒட்டாது. ஆள் ஒட்டும், அன்றைக்கு அவர்கள் என்ன தின்றார்கள் என்பது ஒட்டும், யார் யாரைத் திட்டினார்கள் என்பது நன்றாகவே ஒட்டும். இந்த ஞாபகம் ஒரு வீட்டைக் காப்பாற்றியது. அந்தக் கதையை உன்னிடம் நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் நீ போனில், "அப்பா, பேஷண்ட் யாராச்சும் கேஸ் போட்டா டாக்டருக்காகக் கட்டுற இன்சூரன்ஸ் இருக்குல்ல, அதுல ரெண்டு தினுசு இருக்காம். ஒன்னு இப்போதைக்குக் கம்மி, இன்னொன்னு ஜாஸ்தி. கம்மியையே போட்டுரட்டா? எப்படியும் ரெண்டு வருசம் பாத்துட்டு மேல்படிப்புக்குப் போயிருவேன், அப்ப நிறுத்திருவேன்" என்றாய். "கையெழுத்துப் போட்டுறாத தாயி, நான் எழுதி அனுப்புறேன்" என்றேன். நீ சிரித்தாய். கைநாட்டு வைக்கிற அப்பன் எழுதி அனுப்புகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். உன் அம்மா எட்டாவது வரைக்கும் படித்தது இதற்காவது உதவுகிறது. என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். எங்கேயாவது நான் ரொம்ப மரியாதையாகப் பேசுவது போலத் தெரிந்தால் அது அவள் கைவேலை.

டாக்டர் ஐயாவின் பல் ஆஸ்பத்திரியில் நான் இருபத்தேழு வருஷம் இருந்தேன். டோக்கன் கொடுப்பது, ஆளைக் கூப்பிடுவது, கருவிகளைக் கழுவி வேகவைத்துத் தட்டில் அடுக்குவது என் வேலை. பல்லின் வேருக்குள் விட்டுக் குடைகிற கம்பி இருக்கிறதே, நீங்கள் ஃபைல் என்பீர்கள், தலைமுடிக்கு அண்ணன் போல இருக்கும். ஒரு கம்பி நாலு பல்லுக்கு மேல் போகக்கூடாது என்பது ஐயாவின் சட்டம். போனால் அலுத்துப்போய் உள்ளே ஒடியும். எழுதத் தெரிந்தவன் நோட்டில் கோடு போட்டிருப்பான். நான் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன டப்பா வைத்து, ஒரு தடவை போய் வந்தால் ஒரு புளியங்கொட்டை போடுவேன். நாலு கொட்டை சேர்ந்தால் கம்பி குப்பைக்கு. "ஏப்பா, ஒன் கம்ப்யூட்டர்ல வைரஸ் வராது, வண்டுதான் வரும்" என்று ஐயா கிண்டல் பண்ணுவார். ஆனால் நான் கொட்டையைத் தப்பாகப் போட்டது ஒரே ஒரு நாள்தான்.

அது அந்தத் தை மாத நாள். காலை ஷிப்ட்டுக்கு ஆளை இறக்கிவிட்டு, ராத்திரி ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த வேடசந்தூர் மில் பஸ் ஒன்று, மேலே போக வழியில்லாமல் நம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டது. முன்னால் பையன்கள், பின்னால் லாரிகள். அந்த டிரைவருக்கு ஒரு மாசமாகக் கடைவாய்ப் பல் வலி. லீவு கிடைக்காமல் கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். பஸ்தான் நகரவில்லையே என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். "எம்புட்டு நேரம் ஆகும் டாக்டர்?" என்றார். "ரோடு எப்பத் திறக்கும்னு நீ சொல்லு, நான் அதுக்குள்ள முடிக்கிறேன்" என்றார் ஐயா.

டிரைவர் வாயைத் திறந்ததும் பஸ்ஸில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் கேட்டும் கொல்லைப் பக்கம் போகவும் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது பேர் இருக்கும். பஞ்சுத் தூசி தலையில் அப்படியே இருக்கிறது, தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, ஆனாலும் வாய் ஓயவில்லை. ஒருத்தி கதவு இடுக்கில் எட்டிப் பார்த்து, "ஏண்ணே, வளைவுல எங்களைத் தூக்கிப் போடும்போது இந்தப் பயத்தக் காணோமே!" என்றாள். ஊசி போட்டு உதடு மரத்துப்போன டிரைவர் ஏதோ வைதார், 'வவ வவ' என்றுதான் கேட்டது. ஐயாவுக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ் லூர்து சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் குடம் தூக்குவதும் டம்ளர் கழுவுவதுமாக ஓடிக்கொண்டிருந்தேன். முந்தின ஆளுக்குப் போய்வந்த கம்பியைக் கழுவி வேகவைத்தேன், தட்டில் வைத்தேன், கொட்டை போட மறந்துவிட்டேன். டப்பாவில் மூன்று கிடந்தது. நாலு இருந்திருக்க வேண்டும். அஞ்சாவது பல்லாக அந்தக் கம்பி டிரைவர் வாய்க்குள் போனது.

ஐயாவின் கை நின்றதை நான்தான் பார்த்தேன். கம்பியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நுனி இல்லை. படம் எடுத்துப் பார்த்தார், வேரின் அடியில் எள்ளில் பாதி அளவு உட்கார்ந்திருந்தது. எடுக்கப் போனால் வேர் போய்விடும், உள்ளேயே வைத்து அடைத்தால் பெரும்பாலும் தொந்தரவு வராது என்று சிஸ்டரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே அடைத்தார். டிரைவரிடம் சொல்ல வாயெடுக்கும்போது வெளியே விசில். ரோடு திறந்துவிட்டது. பெண்கள் பஸ்ஸைத் தட்டுகிறார்கள், டிரைவர் துண்டால் வாயைத் துடைத்தபடி ஓடுகிறார். "அடுத்த வாரம் மேல கேப் போட வா, ஒரு விசயம் சொல்லணும்" என்று ஐயா பின்னாலேயே கத்தினார். அவர் கையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. வலி போனபிறகு யார் வருகிறார்கள்?

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் வந்தார், பல் கறையைச் சுத்தம் பண்ண. அதற்குள் ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, வாரத்துக்கு மூன்று நாள்தான் பார்ப்பார். அவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. சுத்தம் பண்ணி, பில் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்தது, தாயி. டோக்கன் கொடுக்கும்போதே தெரிந்தது. எந்தப் பல், என்ன கிழமை, அன்றைக்கு அவர் போட்டிருந்த காக்கிச் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்பது வரைக்கும். "ஐயா, இவருகிட்ட ஒன்னு சொல்லணும்னீங்களே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கொட்டைக் கணக்கு வெளியே வருமே என்று வாயை மூடிக்கொண்டேன். கொட்டை மறந்ததற்குக் கூட்டத்தைச் சொல்லலாம். இதற்கு நான் யாரைச் சொல்ல?

கொரோனா வந்ததும் ஐயா ஆஸ்பத்திரியை மூடினார். "கடைசிப் பத்து வருச ரிஜிஸ்தர மட்டும் எடுத்து வச்சுட்டு, பழசப் பேப்பர்காரன்கிட்டப் போட்டுருப்பா" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்பதை அவர் மறந்துவிட்டார், நானும் கௌரவம் பார்த்துக் கேட்கவில்லை. பளபளவென்று இருப்பதுதானே புதுசு, கிழிந்து அழுக்கானதுதானே பழசு? அப்படிப் பிரித்தேன். தினமும் புரட்டுவது அழுக்காகும், பரணில் கிடப்பது பளபளவென்று இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. பத்து வருஷத்தையும் எடைக்குப் போட்டுவிட்டு, நீ பிறப்பதற்கு முந்தின ரிஜிஸ்தரையெல்லாம் பத்திரமாகக் கட்டி வைத்தேன். இதை எழுதும்போது உன் அம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

முகத்தில் மாஸ்க் கட்டுவதை ஊர் மறந்த வருஷம், வக்கீல் நோட்டீஸ் வந்தது. டிரைவருக்குத் தாடை வீங்கி, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்ததில் கம்பித் துணுக்கு தெரிந்திருக்கிறது. பல்லைப் பிடுங்கி, எலும்பைச் சுரண்டி, மூன்று மாசம் பஸ் ஓட்டவில்லை. ஐயா நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாலிசி எப்பவோ முடிஞ்சுபோச்சேப்பா. மூடுறதுக்கு முந்தின ரெண்டு வருசம் எதுக்குன்னு நாந்தான் கட்டல. இந்த வீட்டத்தான் விக்கணும்" என்றார். அந்த வீடு ஒன்றுதான் அவருக்கு இருந்தது. உள்ளே ஐயாவைப் பெற்ற அம்மாவுக்கு, தொண்ணூறு தாண்டியவர், பக்கவாதம், அந்தக் கட்டிலை விட்டு நகர முடியாது. கட்டிலோடு சேர்த்தா வீட்டை விற்பது?

நான் போய் ஆரோக்கியசாமியைக் கூட்டிவந்தேன். ஐயாவுக்கு வருஷா வருஷம் பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜெண்ட். அவர் நோட்டீஸைப் படித்துவிட்டு, "டாக்டர், பாலிசி முடிஞ்சது இருக்கட்டும். சம்பவம் எப்ப நடந்துச்சு, அதச் சொல்லுங்க" என்றார். "நோட்டீஸ் இப்பத்தானே வந்துருக்கு?" என்றார் ஐயா. "அது எப்ப வேணா வரட்டும். ஒங்களுக்கு நான் போட்டது நடந்த நாளைப் பாக்குற பாலிசி. அன்னைக்குப் பாலிசி உசுரோட இருந்துச்சுன்னா கம்பெனிதான் பொறுப்பு. இன்னைக்கு இருக்கா இல்லையான்னு கேக்க மாட்டான்." ஐயா படித்தவர், அவருக்கே புரியச் செத்த நேரம் ஆனது. எனக்கு உடனே புரிந்தது, தோட்டத்தில் வளர்ந்தவன் அல்லவா. காவலுக்கு ஓர் ஆளைப் போடுகிறோம். அவன் காவல் இருந்த ராத்திரி மாடு உள்ளே வந்து கிணற்று மேட்டை மிதித்துவிட்டது. மேடு சரிந்தது ஆறு மாசம் கழித்து, அவன் வேலையை விட்டுப் போன பிறகு. ஆனாலும் அந்த ராத்திரிக்கு அவன்தானே பதில் சொல்ல வேண்டும்? இதுதான் நீ ஜாஸ்தி என்று சொன்ன தினுசு. நீ கம்மி என்று சொன்னது வேறு. அதில் மேடு சரிந்து நீ கூப்பிடுகிற அன்றைக்கும் அந்த ஆள் உன்னிடம் சம்பளத்தில் இருக்க வேண்டும். நிறுத்திவிட்டாய் என்றால், அவன் இருந்த காலத்தில் நடந்ததற்கும் வர மாட்டான்.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டிரைவர் கையில் இருந்தது ஒரே ஒரு பில், அதுவும் கறை சுத்தம் பண்ணிய பில். வக்கீல் அந்தத் தேதியைத்தான் சம்பவத் தேதி என்று எழுதியிருந்தார். அந்தத் தேதியில் ஐயாவுக்குப் பாலிசி இல்லை. முந்தின தேதியைக் காட்ட ரிஜிஸ்தர் இல்லை. அது எங்கே போனது என்று உனக்குத் தெரியும். கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்த தம்பி சின்ன வயசு, சட்டை கசங்காமல் வந்திருந்தார். "ஒங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்கிறீங்க, தேதி மட்டும் எப்படிப் பெரியவரே தெரியும்?" என்றார். "தேதியக் கேக்காதீங்க தம்பி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க" என்று ஆரம்பித்தேன். கரும்புச் சக்கையிலிருந்து 'வவ வவ' வரைக்கும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நீங்க சொல்றது நெசம்தான்னு எனக்குத் தெரியுது. ஆபீஸ்ல காகிதம் கேப்பாங்களே" என்றார்.

அன்று சாயங்காலம் ஐயாவிடம் கொட்டையைச் சொன்னேன். அத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததை இறக்கினேன். வீட்டை விட்டுப் போ என்பார் என்று நினைத்தேன். "டப்பாவுல மூணு கெடந்தத நானும் பாத்தேன்ப்பா" என்றார். "கம்பி வளைஞ்சிருக்கான்னு வெளிச்சத்துல பாத்துட்டு விட வேண்டியது யாரு? நானா, புளியங்கொட்டையா?" அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் வேடசந்தூருக்குப் பஸ் ஏறினேன்.

டிரைவர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கக் கன்னம் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "யாரு, டோக்கன் பெருசா? சமாதானம் பேச அனுப்புனாரா?" என்றார். "யாரும் அனுப்பல. நானாத்தான் வாரேன்" என்று அந்த நாளைச் சொன்னேன், கொட்டையோடு சேர்த்து. அவர் வீட்டம்மா உள்ளிருந்து கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏலே," என்றார் டிரைவர். "ஒரு புளியங்கொட்டைக்காகவா நான் மூணு மாசம் கஞ்சி குடிச்சேன்?"

"ஆமாண்ணே."

"இவரு கஞ்சி மட்டுமா குடிச்சாரு? என் உசுரயும் சேத்துக் குடிச்சாரு" என்றார் வீட்டம்மா. கரண்டி இறங்கவில்லை.

"கம்பி ஒடிஞ்சதுக்குக் கோவம் இல்ல பெருசு," என்றார் டிரைவர். "வண்டியில ஆக்ஸில் ஒடியுது, மனுசன் கையில கம்பி ஒடியாதா? ரெண்டாவது வாட்டி வந்தேனே, ஒரு வார்த்த சொல்லலையே. அதான்யா எரியுது."

"அது என் தப்பு. டாக்டருக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கல" என்றேன். அவர் கன்னத்தைத் தடவினார். பிறகு திடீரென்று, "அன்னைக்கு ஒரு பிள்ள கதவுல நின்னு என்னயக் கேலி பண்ணுச்சுல்ல?" என்றார். ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வந்தால் டிரைவருக்கு டிரிப் சீட்டும் வரும். மில்லில் பஸ் எங்கே நின்றது, எத்தனை மணி நேரம் தாமதம், ஏன் என்று டிரைவர் கையெழுத்துப் போட்டுத் தேதியோடு கொடுத்தாக வேண்டுமாம், மில்லில் அதையெல்லாம் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்களாம். அந்தத் தை மாதக் கட்டில் தேடி எடுத்த சீட்டில், 'பல் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மணி நேரம்' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். அந்தப் பல்லின் வேரை அடைத்தது ஒரே ஒரு தடவைதான், பிற்பாடு அதை யாரும் தொடவில்லை என்று மதுரை டாக்டரும் எழுதிக்கொடுத்தார். வக்கீல் தேதியைத் திருத்தினார். அந்தத் தேதிக்குப் பாலிசி இருந்தது.

ஆரோக்கியசாமி என்னைத் திட்டின திட்டு இருக்கிறதே! "எதிர்க்கட்சி வீட்டுக்குக் கம்பெனியக் கேக்காமப் போவீகளா? தப்ப ஒத்துக்கிட்டு வருவீகளா? காசு தாரேன்னு கீது சொல்லித் தொலைச்சிருந்தா மொத்தமும் போயிருக்கும்ணே!" நான் மன்னிப்பைத் தவிர எதையும் தருகிறேன் என்று சொல்லவில்லை, பிழைத்தேன். கம்பெனியே பேசி முடித்து டிரைவருக்குக் கொடுத்தது. வீடு தப்பியது. ஐயாவின் அம்மா கடைசி வரைக்கும் அந்தக் கட்டிலில்தான் இருந்தார்.

இப்போது உன் விஷயம். நீ இரண்டு வருஷம் பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறவள். நீ படிக்கிற காலத்தில், எவரோ ஒருவருக்கு வேடசந்தூரில் தாடை வீங்கலாம். கம்மியானதைப் போட்டு இடையில் நிறுத்தினால் அன்றைக்கு உனக்குக் காவல் இல்லை. அதனால் நடந்த நாளைப் பார்க்கிற பாலிசி கிடைக்குமா என்று முதலில் கேள். இப்போது எல்லாக் கம்பெனியும் அதைக் கொடுப்பதில்லை என்று ஆரோக்கியசாமி சொல்கிறார். கிடைக்காவிட்டால் மற்றதைப் போடு, ஆனால் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் கட்டு. கம்பெனி மாற்றினால், எந்தத் தேதியிலிருந்து நடந்ததற்குப் பொறுப்பு என்று பழைய தேதியையே எழுதி வாங்கு. நிறுத்தும்போது, பின்னால் வருகிற புகாருக்கும் சேர்த்து நீட்டிப்பு உண்டா, எத்தனை வருஷத்துக்கு என்று இப்போதே கேட்டு வை. நடந்த நாள் பாலிசியிலும் ஒரு குறை இருக்கிறது. எந்த வருஷம் நடந்ததோ அந்த வருஷத்துத் தொகைதான் வரும், அது பத்து வருஷம் கழித்துச் சின்னதாகத் தெரியும். ஆகவே தொகையில் கஞ்சம் பிடிக்காதே. அப்புறம், எது ஒடிந்தாலும் அந்த ஆள் நாற்காலியை விட்டு இறங்குவதற்கு முன்னால் சொல்லிவிடு. ரோடு திறந்தாலும் சரி, பஸ்ஸே போனாலும் சரி. சொல்லிவிட்டு எழுதி வை. எழுதியதை என்னைப் போன்ற ஆள் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லாதே.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அன்றைக்கு என் ஞாபகம் உதவியது, ஆனால் ஞாபகம் ஆளோடு போய்விடும். அந்த அறைக்குள் இருந்தது நாலு பேர். லூர்து சிஸ்டரைக் கொரோனா கொண்டுபோனது. அதனால்தான் நோட்டீஸ் வந்தபோது அவரைக் கேட்க முடியவில்லை. ஐயா போன ஆடியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கும் இந்தப் பக்கத்து முட்டி தினமும் கணக்குக் கேட்கிறது. என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் ஒரே ஆள், அந்த டிரைவர். போன வாரம் நீ போனை வைத்ததும் அவரைக் கூப்பிட்டு, என் மகள் உங்கள் ஊரிலேயே பல் ஆஸ்பத்திரி திறக்கிறாள் என்றேன். "ஒன் மகளா? அப்ப அந்த ஓட்டைக்கு அவதான் பல்லுக் கட்டணும். கொட்டைய எண்ணிட்டு வரச் சொல்லு!" என்று போனிலேயே சிரித்தார். திறப்பன்றைக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். பழைய கதை தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்லுவார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார். புது ரிஜிஸ்தரைத் திற. நாளையும் மாதத்தையும் வருஷத்தையும் நம்பராகவே போடு. அதற்கு நேராக, முதல் பெயராக, தெளிவாக எழுது தாயி: காளியப்பன்.